மட்டை பிடித்தால் மகன் வளர்வானா?

இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் வலியோடு வருவர். வலை இழுத்து இழுத்து நொந்த முதுகு, ஆலையில் மூட்டை சுமந்து இறுகிய தோள், தண்ணீர்க் குடம் தூக்கித் தேய்ந்த முழங்கால் என்று ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மூட்டைத் தொட்டுக் காட்டியபடியே உள்ளே நுழைவர். சென்ற மாதம் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தாய் அப்படி எதையும் தொட்டுக் காட்டவில்லை. தம் 14 வயது மகனை முன்னே தள்ளி நிறுத்தினார். பையனுக்கும் வலி எதுவும் இல்லை. கூச்சம் மட்டுமே இருந்தது.

"சார், ஷட்டில் ஆடுனா புள்ள வளந்துருவான்னு சொல்றாங்களே, நெசமா? மாசாமாசம் காசு கட்டணுமாம். கேட்டுட்டுச் சேத்துக்கலாம்னு வந்தேன்" என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பெற்றோராவது இதைக் கேட்கின்றனர். சிலர் ஷட்டில் எனப்படும் இறகுப்பந்தைச் சொல்வர். சிலர் டென்னிஸைச் சொல்வர். பழைய தலைமுறையினர் சிலர் பூப்பந்தையும் சொல்வதுண்டு. கையை உயர்த்தி எம்பி அடிக்கும் ஆட்டமாதலால் உடம்பு இழுபட்டு நீளும் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு எங்கே பிழைக்கிறது, அப்பிழையால் என்ன கெடுகிறது என்பவற்றை இவ்விதழின் வாசகர்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். இதில் என் சொந்தத் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

உயரத்தின் மீது நம் பகுதி மக்களுக்குள்ள ஆசையை நான் எள்ளி நகையாடமாட்டேன். அது வெறும் அழகு பற்றிய ஆசை அன்று. கடல் தரும் வருமானம் ஆண்டுக்காண்டு நிலையற்றுப் போகும் குப்பங்களில், சீருடைப் பணி என்பது ஒரு குடும்பம் கரையேறும் வழி. தமிழ்நாடு காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், பொதுப் பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு ஆண்கள் 170 செ.மீ., பெண்கள் 159 செ.மீ. உயரம் இருத்தல் வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அது 167, 157 என்று சற்றே குறைகிறது. படித்து, ஓடி, கயிறு ஏறி எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருக்கும் இளைஞன் ஒரு செ.மீ. குறைந்ததற்காக மைதானத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுவதை இப்பகுதி பார்த்திருக்கிறது. அந்தத் தாயின் மனத்திலும் 170 என்ற எண்ணே இருந்தது. பையனின் சித்தப்பா திருப்பி அனுப்பப்பட்டவராம்.

எனவே நேராகவே விடை சொல்கிறேன். இறகுப்பந்தோ டென்னிஸோ மேசைப்பந்தோ, மட்டை கொண்டு ஆடும் எந்த ஆட்டமும் ஒரு பிள்ளையின் இறுதி உயரத்தைக் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை.

காரணம் எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. வளர்ச்சித் தட்டு என்பர். அங்கே உயிரணுக்கள் பெருகி, வரிசையாக அடுக்கி, பின் சுண்ணாம்பேறி எலும்பாகின்றன. எலும்பு நீள்வது அங்கேதான், நடுத்தண்டில் அன்று. அந்த அடுக்கின் வேகத்தை வளர்ச்சி இயக்குநீர், தைராய்டு இயக்குநீர், பாலின இயக்குநீர்கள், கிடைக்கும் உணவு ஆகியவை ஆள்கின்றன. வளரிளம் பருவத்தில் பாலின இயக்குநீர்கள் முதலில் வேகத்தைக் கூட்டும். பின்னர் அவையே, குறிப்பாக ஈஸ்ட்ரோஜன், அந்தத் தட்டை மூடிவிடும். இது ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெண்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள்ளும் கதவு ஏறக்குறைய அடைந்துவிடுகிறது. அடைந்த கதவைக் கம்பியில் தொங்கியோ, எம்பிக் குதித்தோ திறக்க இயலாது.

உடற்பயிற்சி எலும்பை ஒன்றுமே செய்வதில்லையா என்று கேட்டால், நிறையவே செய்கிறது. ஆனால் வேறு திசையில் செய்கிறது. துடுப்பு வலித்தும் வலை இழுத்தும் வாழ்ந்த நம் பெரியவர்களின் தோளையும் முன்கையையும் பாருங்கள். அகன்று, தடித்து, இறுகிப் போயிருக்கும். அதே கடலில் அதே வேலையைச் செய்த இருவரில் ஒருவர் நெட்டையாகவும் ஒருவர் குட்டையாகவும் இருப்பர். சுமைக்கு ஏற்ப எலும்பு தடிக்கிறது, அடர்த்தி பெறுகிறது. உயரத்துக்கு அச்சுமை பொறுப்பேற்பதில்லை.

மட்டை ஆட்டங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஏனெனில் ஆடுபவர் ஒரு கையால் அடிக்கிறார், மறு கை ஒப்பிட்டுப் பார்க்க அவரிடமே இருக்கிறது. 1995இல் பின்லாந்து ஆய்வாளர்கள் டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடும் பெண்களின் இரு கை எலும்புகளையும் அளந்து ஒப்பிட்டனர். ஆடும் கையின் எலும்பு வலுவாக இருந்தது. பூப்பெய்தும் முன்னரோ அச்சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு அந்த நன்மை, பின்னாளில் தொடங்கியவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 2 மடங்காக இருந்தது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவேன். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் முன்கை எலும்பு ஒன்று மறுகையினதைவிடச் சற்று நீண்டும் இருந்ததாக ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. 'பார்த்தீர்களா, நீள்கிறதே!' என்று யாரேனும் இதைக் காட்டிப் பயிற்சிக் கட்டணம் கேட்கக்கூடும். சிறு வயது முதல் நாள்தோறும் பல மணி நேரம் ஆடியவர்களின் ஒரு கையில் ஏற்பட்ட சிறு வேறுபாடு அது. கை நீண்டால் சட்டைக்கை நீளும். தலை உயராது.

'விளையாடினால் வளர்ச்சி இயக்குநீர் சுரக்கும்' என்ற பேச்சும் உண்டு. உண்மைதான், கடுமையாக ஆடிய பின் சிறிது நேரம் அதன் அளவு உயர்கிறது. ஆனால் நலமுள்ள பிள்ளைக்கு அந்த இயக்குநீர் போதுமான அளவு ஏற்கெனவே சுரக்கிறது, அதிலும் மிகுதியான பங்கு ஆழ்ந்த உறக்கத்தில் சுரக்கிறது. மாலையில் ஷட்டில் ஆடிவிட்டு இரவு 1 மணி வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எது குறைகிறது என்பதைப் பெற்றோரே கணித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் உயரமாக இருப்பது ஏன்? ஆட்டம் அவர்களை உயர்த்தவில்லை; உயரமானவர்கள் அந்த ஆட்டத்தில் நிலைத்துவிட்டனர். பி.வி. சிந்துவின் உயரம் சுமார் 179 செ.மீ. அவருடைய தந்தை ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்தியக் கைப்பந்து அணியில் இடம்பெற்றவர். தாய் விஜயாவும் கைப்பந்து வீராங்கனை. அந்த வீட்டில் பிறந்த பெண் மட்டையைத் தொடாமல் இருந்திருந்தாலும் உயரமாகவே வளர்ந்திருப்பார். 2017இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? 110 நிமிடம் நீடித்த அந்த ஆட்டத்தில் சிந்துவை வென்றவர் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. அவர் உயரம் 156 செ.மீ. அளவே. இருவரும் சிறு வயது முதல் அதே மட்டை, அதே இறகு, அதே வலை. இடைவெளி ஏறத்தாழ 23 செ.மீ.

நம் சென்னையிலும் சான்று உண்டு. 1987இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்று வரை சென்ற இந்திய டென்னிஸ் அணியில் விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் சேர்ந்து ஆடினர். முன்னவர் 193 செ.மீ.; பின்னவர் 170 செ.மீ. ஒரே ஊர், ஒரே ஆட்டம். ரமேஷின் தந்தை ராமநாதன் கிருஷ்ணனோ 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர். ஆக, அவ்வீட்டில் மட்டைக்குப் பஞ்சம் இருந்திருக்க வழியில்லை.

பிரித்தானியாவில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, டென்னிஸ், நீச்சல், கால்பந்து, சீருடற்பயிற்சி ஆகிய 4 துறைகளில் தீவிரப் பயிற்சி பெற்ற 450க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தனர். பயிற்சி அவர்கள் வளர்ச்சியை மாற்றியதாகத் தெரியவில்லை. சீருடற்பயிற்சிப் பிள்ளைகள் குட்டையாக இருந்ததற்கும் பெரும்பாலும் தெரிவே காரணம்.

எதிர்ப்பக்கத்து அச்சத்தையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். 'ரொம்பக் குதித்தால் வளர்ச்சி நின்றுவிடும்' என்று பாட்டிமார் சிலர் தடுப்பர். போதிய உணவுண்ணும் பிள்ளைக்கு அப்படி நேர்வதில்லை. ஆனால் வேகமாக வளரும் ஆண்டில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி வருவது இயல்பு. வளர்ச்சித் தட்டும் தசைநாண் பற்றியிருக்கும் இடமும் அப்போது மென்மையாக இருக்கும். சிமெண்டுத் தரையில் செருப்போடோ வெறுங்காலோடோ ஆடுவதால் அது மிகும். சில வாரம் ஆட்டத்தைக் குறைத்து, நல்ல காலணி அணிந்து, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தணியும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடச் சொல்வது மட்டும் தவறு.

உயரம் எங்கிருந்துதான் வருகிறது? பெரும்பகுதி தாய் தந்தையரிடமிருந்து. மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண் பிள்ளையாயின் தந்தை உயரத்தையும் தாய் உயரத்தையும் கூட்டி, அதனோடு 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் பிள்ளையாயின் 13ஐக் கழித்து வகுக்க வேண்டும். நெட்டுக்குப்பத்துத் தாயை அங்கேயே சுவரில் நிறுத்தி அளந்தோம்: 152. கணவர் 165 என்றார். 165, 152, 13 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 330. அதில் பாதி 165. அதைச் சுற்றி மேலும் கீழும் 8 செ.மீ. வரை போகலாம். ஆகவே 170 அவனுக்கு எட்டாக்கனி அன்று, உறுதியும் அன்று. அந்த மேல்பாதிக்கு அவனைக் கொண்டுசெல்லக்கூடியது எது என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி.

ஒரு நூற்றாண்டில் ஒரு நாட்டு மக்களே உயர்ந்த கதை இருக்கிறது. 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். மரபணு நூறாண்டில் மாறிவிடாது. அவர்கள் உணவு மாறியது, குழந்தைப் பருவத்து நோய்கள் குறைந்தன. நம் மாநிலத்திலோ 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 14 வயதில் ஷட்டில் தேடி அலையும் உயரம், பெரும்பாலும் 2 வயதுக்குள் தவறவிட்ட உயரமாக இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வாசகர்கள் இவ்வரியைத் தமக்கானதாகக் கொள்ள வேண்டுகிறேன்.

வளரிளம் பிள்ளைக்கும் காலம் முற்றிலும் கடந்துவிடவில்லை. 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இதற்கு டப்பா மாவு தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மி.கி. உண்டு. ஆடி மாதம் அம்மனுக்கு மட்டும் கூழ் ஊற்றி, மற்ற பதினொரு மாதமும் மறந்துவிடுகிறோம். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒன்றாகத் தருகிறது. கழிமுகத்து மீனைப் பற்றி நெட்டுக்குப்பத்தார்க்குள்ள கவலை எனக்கும் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். நான் சொல்வது கடல் நெத்திலியை. மீன் விற்றுவிட்டு வந்த பணத்தில் பிள்ளைக்கு உயரப் பொடி வாங்கும் கொடுமையை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். முட்டை, பருப்பு, வேர்க்கடலை, கிடைத்தால் பால். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரை. 8 முதல் 10 மணி நேர உறக்கம். இவற்றில் விற்பனைக்கு உரியதாக எதுவும் இல்லாததாலோ என்னவோ, இவற்றை விளம்பரம் செய்வார் யாரும் இல்லை.

இனி என் தவறு. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் இடத்தில் பணி செய்த காலம். கால் சுளுக்குக்காக வந்த ஒரு தாயுடன் 12 வயது மகளும் வந்தாள். வகுப்பிலேயே இவள்தான் குட்டை என்று தாய் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். 'ஷட்டிலுக்கு அனுப்புங்கம்மா, தானா வளருவா' என்றேன். யோசியாமல் சொன்ன சொல். அந்தத் தாய் அதை மருத்துவ ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டார். ஓர் ஆண்டுக்கும் மேலாக மகளைப் பயிற்சிக்கு அனுப்பினார். அவள் வளர்ந்தது 2 செ.மீ. கூட இல்லை. சோர்ந்து உட்காருகிறாள் என்று பயிற்சியாளர் அவளைச் சோம்பேறி என்றாராம். பின்னர் வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தபோது தைராய்டு சுரப்பி மிகக் குறைவாக இயங்குவது தெரிந்தது. மாத்திரை தொடங்கியதும் அவள் வளர்ந்தாள். ஆயினும் இழந்த காலம் முழுவதுமாகத் திரும்பவில்லை என்று அந்த மருத்துவர் பின்னாளில் என்னிடம் கூறினார். நான் அன்று ஒரு நாடாவை எடுத்து அளந்து, 'மருத்துவரைப் பாருங்கள்' என்று இரண்டு சொற்கள் சொல்லியிருந்தால் போதும். நான் ஷட்டிலைச் சொன்னேன்.

ஷட்டில் உயரம் தரும் என்ற நம்பிக்கை வெறும் பணச்செலவோடு முடிவதானால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது காலத்தைத் தின்கிறது. வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் ஆண்டுகள் எண்ணிக்கையில் அடங்குபவை. 4 வயது முதல் பூப்புப் பருவம் தொடங்கும் வரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5 செ.மீ. அளவுக்கேனும் வளர வேண்டும், 4 செ.மீ.க்கும் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண், 14 வயதாகியும் பருவ மாற்றம் தொடங்காத பையன், முன்பு வகுப்பில் நடுவரிசையில் நின்று இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்ட பிள்ளை, எடை மட்டும் ஏறி உயரம் ஏறாத பிள்ளை, இவர்களுக்குத் தேவை பயிற்சியாளர் அல்லர், குழந்தை மருத்துவர். மறுபுறம், 8 வயதுக்கு முன்பே பருவம் தொடங்கும் பெண்ணும் 9 வயதுக்கு முன்பே தொடங்கும் பையனும் இப்போது உயரமாகத் தெரிந்தாலும், தட்டு முந்தி மூடிவிடுவதால் பின்னர் குட்டையாக நின்றுவிடக்கூடும். 'என் பொண்ணு அதுக்குள்ள நெடுநெடுன்னு வளந்துட்டா' என்று மகிழும் தாயிடம் இதை மெல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணூர் வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தி. புகையும் தூசியும் மிகுந்த நம் பகுதியில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பலர். உறிஞ்சும் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது, அது வளர்ச்சியைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டு அதை நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கின்றனர். உறிஞ்சும் மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுத்த பிள்ளைகளின் இறுதி உயரத்தில் சுமார் 1 செ.மீ. குறைவு காணப்பட்டது உண்மை. ஆனால் கட்டுப்படாத ஆஸ்துமா உறக்கத்தையும் பசியையும் பள்ளியையும் சேர்த்துத் தின்றுவிடும், உயிருக்கும் ஆபத்து. மருந்தை நிறுத்தாதீர்கள். அஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு வேறு. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் 'சத்து மாத்திரை' என்றும் 'உடம்பு போடும் மாத்திரை' என்றும் தரப்படுபவற்றில் அது ஒளிந்திருப்பதுண்டு. அது முகத்தை உப்பவைத்து வளர்ச்சியை நிறுத்தும். வளர்ச்சி இயக்குநீர் ஊசியும் அவ்வாறே. குறைபாடு உறுதியான சில பிள்ளைகளுக்கு அது வரம், மற்றவர்க்குப் பணமும் உடலும் கெடும் வழி.

காற்றைப் பற்றிப் பேசியதால் ஆடும் நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இறகுப்பந்து 5 கிராம் எடையே உள்ளது. கடற்காற்று கிளம்பிவிட்டால் நெட்டுக்குப்பத்துத் தெருவில் அதை ஆட முடியாது. அதனால் பிள்ளைகள் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது ஆடுகின்றனர். புகையும் அதே நேரத்தில்தான் தாழ்வாகத் தேங்கி நிற்கிறது. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அன்று ஆட்டம் வேண்டாம். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கூரையிட்ட ஓர் ஆடுகளம் வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஓர் இறகுப்பந்துக் களத்துக்கு 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் போதும். இவ்வளவு பெரிய ஆலைகளுக்கு இடம் கொடுத்த ஊரில் அவ்வளவு இடம் கிடைக்காதா என்ன?

உயரத்தை அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தந்தை கதவு நிலையில் மகன் உயரத்தைக் காலையில் பென்சிலால் குறித்தார். அவன் மாலை முழுவதும் ஷட்டில் ஆடிவிட்டு வந்து ஓடிப்போய் நிலையில் நின்றான். கோட்டுக்குக் கீழே இருந்தான். அழுதுவிட்டான். ஆட்டம் அவனைக் குறைக்கவில்லை. பகல் முழுவதும் நிற்பதாலும் குதிப்பதாலும் முதுகெலும்பின் இடைவட்டுகள் சற்றே அழுந்தி, மாலையில் எல்லோரும் 1 செ.மீ. அளவு குறைகிறோம்; உறங்கி எழுந்தால் மீள்கிறோம். 'ஆறே வாரத்தில் உயரம்' என்று விளம்பரம் செய்வோர் முதலில் மாலையிலும் பிறகு காலையிலும் அளந்து காட்டினால் யாரும் வியந்துபோவர். ஆகவே ஒரே நேரத்தில், வெறுங்காலில், குதிகாலும் பின்புறமும் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சமமாக வைத்து அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது குறி அழிந்துவிடும். எனவே நோட்டில் எழுதுவது மேல். மருத்துவரிடம் வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவந்தால், பல பரிசோதனைகளைவிட அது மிகுதியாகப் பேசும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தத் தாய், "அப்ப ஷட்டில் வேணாம்னு சொல்றீங்களா சார்?" என்றார்.

இவ்விடத்தில்தான் எனக்கு வருத்தம் மிகும். உயரத்துக்காகச் சேர்க்கப்படும் பிள்ளை, உயரம் வராதபோது நிறுத்தப்படுகிறது. ஆட்டம் கொடுத்த மற்ற அனைத்தும், நுரையீரலின் வலிமை, எலும்பின் அடர்த்தி, நிமிர்ந்த முதுகு, மாலைநேரத்து நண்பர்கள், கணக்கில் வராமலே போய்விடுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றார். அவர் ஆடியது உயரக் குறைபாடு உள்ளோர்க்கான பிரிவு. அவர் மட்டை பிடித்த ஆண்டுகளை யாரும் வீண் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

"சேருங்கம்மா, தாராளமா சேருங்க. வளர்றதுக்குன்னு சேக்காதீங்க" என்றேன். பையனின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அவனுக்கு உயரத்தைவிட ஆட்டத்தின் மீதே ஆசை என்று எனக்குத் தோன்றியது. மூன்று மாதமாகத் தெருவில் இரவல் மட்டையில் ஆடிக்கொண்டிருக்கிறானாம்.

வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். 12 வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றார் தாய். அவளும் அண்ணனோடு ஆடிக்கொண்டிருந்தவள்தான். "பெரியவளாயிட்டா சார், அதான் நிறுத்திட்டோம்."

பூப்பெய்திய பின் ஒரு பெண் பொதுவாக இன்னும் 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வாள். அதற்குப் பெரிதாக நாம் செய்யக்கூடியது சோறும் மீனும் உறக்கமும்தான். ஆனால் எலும்பின் அடர்த்தி அவ்வாறன்று. பின்லாந்துப் பெண்களின் கைகள் சொன்னது இந்த வயதைப் பற்றித்தான். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து என்னிடம் வரும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கான சேமிப்பு 12 வயதில் நடக்கிறது. அண்ணனுக்கு வராத உயரத்துக்காக மட்டை வாங்கத் துணியும் வீடு, தங்கைக்கு வரக்கூடிய எலும்புக்காக அவளை ஆடவிடாமல் வைத்திருப்பதை எவ்வாறு ஏற்பது? மாதவிடாய் நாட்களிலும் அவளுக்கு இயன்றால் ஆடலாம். அதற்கு மருத்துவத் தடை ஏதும் இல்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இவ்வளவு கோர்வையாக இல்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவங்க அப்பாவைக் கேட்கணும் என்று முணுமுணுத்தபடி எழுந்தார். அடுத்த சனிக்கிழமை மகளையும் அழைத்து வாருங்கள், அவளையும் சுவரில் நிறுத்தி அளந்து நோட்டில் எழுதித் தருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை வந்தார்கள். பெண் 146 செ.மீ. இருந்தாள். கையில் அண்ணனுடைய இரவல் மட்டை இருந்தது.